குறுந்தொலைவில் ஈர்ப்பு விதியைச் சோதித்தல்: முறுக்கு ஊசல் சோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட ஈர்ப்பு விதியின்படி, இரு நிறைகளுக்கு இடையே உள்ள தொலைவு இரட்டிப்பானால் அவற்றின் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகக் குறையும். கோள்கள், நிலவுகள், செயற்கைக்கோள்கள் ஆகியவற்றின் பாதைகள் இந்த எதிர்த்தகவு இருமடி விதியை மிக நுட்பமாக உறுதி செய்திருக்கின்றன. ஆனால் ஒரு தலைமயிரின் பருமனளவே உள்ள இடைவெளியிலும் அதே விதி பொருந்துகிறதா என்ற கேள்விக்கு 20-ஆம் நூற்றாண்டு முடியும் வரை நேரடியான விடை கிடைக்கவில்லை. இப்போது 52 மைக்ரோமீட்டர் இடைவெளி வரை அளந்து பார்த்திருக்கிறார்கள். நிறையைச் சார்ந்து செயல்படுகிற, ஈர்ப்புக்கு நிகரான வலிமையுள்ள, ஆனால் 38 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த வீச்சுடைய புதிய விசை ஒன்று இயற்கையில் இருந்தால், இதுவரை நடந்த சோதனைகள் அதைக் கண்டிருக்க முடியாது.

இந்த வழிகாட்டி அத்தகைய சோதனை ஒன்றைத் திட்டமிடுவது முதல் முடிவை வெளியிடுவது வரையிலான படிகளை வரிசையாக விளக்குகிறது. இளநிலை இயற்பியல் படித்தவர் எவரும் இதைப் பின்தொடரலாம். தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. ஈர்ப்பு மிகவும் வலுவற்ற விசை என்பதால்தான் இந்தச் சோதனை கடினம் என்று பெரும்பாலும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். கீழே உள்ள கணக்குகள் காட்டப்போவதைப் போல, தேவையான நுண்ணுணர்வை நல்ல முறுக்கு ஊசல் ஒன்றே தந்துவிடும் (மெல்லிய இழையில் தொங்கி, மிகச் சிறிய விசைக்கும் இழையை முறுக்கித் திரும்பும் நிறையே முறுக்கு ஊசல்). அதே இடைவெளியில் செயல்படும் மற்ற விசைகளை அமைதிப்படுத்துவதுதான் பெரும்பாடு. ஆகவே கருவியின் ஒவ்வொரு பாகத்தையும் "இது ஈர்ப்பை எப்படி அளக்கும்?" என்று கேட்டு வடிவமைப்பதை விட, "ஈர்ப்பல்லாத எதையும் இது எப்படி அளக்காமல் இருக்கும்?" என்று கேட்டு வடிவமைப்பதே சரியான வழி.

படி 1: கேள்வியை இரண்டு எண்களாக மாற்றுங்கள்

"விதி மீறப்படுகிறதா?" என்ற பொதுக் கேள்வியைக் கருவியிடம் கேட்க முடியாது. எந்த வடிவத்தில், எந்தத் தொலைவில், எவ்வளவு மீறல் என்று வரையறுத்தாக வேண்டும். இத்துறையில் எல்லோரும் பயன்படுத்தும் வரையறை யுகாவா வடிவம் ஆகும். நியூட்டனின் நிலையாற்றலோடு, அதைப் போல ஆல்ஃபா மடங்கு வலிமையுள்ளதும், லாம்டா என்ற நீளத்துக்குள் அடுக்குக்குறி முறையில் தேய்ந்து மறைவதுமான இன்னொரு உறுப்பைச் சேர்ப்பதே அது. ஆல்ஃபா புதிய விசையின் வலிமையையும், லாம்டா அதன் வீச்சையும் குறிக்கும். ஆல்ஃபா 1 என்றால் புதிய விசை ஈர்ப்புக்குச் சமம். எதிர்மறையாக இருந்தால் அது விலக்கு விசை.

இவ்வடிவத்தின் நடைமுறைப் பொருளைச் சில எண்களால் உணரலாம். ஆல்ஃபா 1 என்று கொண்டால், இரு புள்ளி நிறைகள் லாம்டா தொலைவில் இருக்கும்போது மொத்த விசை நியூட்டன் சொன்னதை விட 74 விழுக்காடு கூடும். ஐந்து லாம்டா தொலைவில் அந்தக் கூடுதல் 4 விழுக்காடாகச் சுருங்கும். பத்து லாம்டாவில் இரண்டாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். எனவே தேடும் வீச்சுக்கு நெருக்கமாக நிறைகளைக் கொண்டு செல்லாமல், தொலைவில் நின்று துல்லியத்தால் ஈடுகட்டிவிடலாம் என்ற எண்ணம் பலிக்காது.

எந்த லாம்டாவைத் தேடுவது என்பதற்குக் கோட்பாடுகள் இரண்டு குறிப்புகளைத் தருகின்றன. 1998-இல் அர்கானி-ஹமேத், டிமோபூலோஸ், துவாலி ஆகிய மூவரும், ஈர்ப்பு மட்டும் நுழையக்கூடிய கூடுதல் பரிமாணங்கள் சுருண்ட நிலையில் இருக்கலாம் என்றும், அவை இரண்டாக இருந்தால் அவற்றின் அளவு மில்லிமீட்டர் வரை கூட நீளலாம் என்றும் காட்டினர்; அந்த அளவுக்குள்ளே ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு மாறாக நான்மடிக்கு எதிர்த்தகவில் மாறும். இரண்டாவது குறிப்பு, அண்டத்தின் விரிவை முடுக்குவதாகக் கருதப்படும் இருள் ஆற்றல். அண்டத்தில் அதன் அடர்த்தியைப் பிளாங்க் மாறிலியோடும் ஒளியின் வேகத்தோடும் சேர்த்து ஒரு நீளமாக மாற்றினால் ஏறக்குறைய 85 மைக்ரோமீட்டர் வருகிறது. அந்த நீளத்தில் ஈர்ப்பு வேறுவிதமாக நடந்துகொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை; ஆயினும் எங்கே தோண்டுவது என்று தெரியாதபோது இப்படி ஓர் அடையாளம் கிடைத்தால் அதை விட்டுவிட்டு வேறிடத்தில் தொடங்குவானேன்? இந்த வழிகாட்டியில் லாம்டா 50 மைக்ரோமீட்டர், ஆல்ஃபா 1 என்பதை இலக்காகக் கொள்வோம்.

படி 2: கருவியைத் தொடும் முன் தாளில் கணக்கிடுங்கள்

முதலில் நிறைகளின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டும். கோளங்கள் வசதியானவை, ஆனால் இந்தத் தொலைவுக்கு ஏற்றவை அல்ல. ஒன்றையொன்று தொடும் இரு சம கோளங்களின் ஈர்ப்பு ஆரத்தின் நான்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள இரு தங்கக் கோளங்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய 10⁻¹³ நியூட்டன் விசையால் ஈர்க்கும். ஆரத்தை 10 மைக்ரோமீட்டராகக் குறைத்தால் அது 10⁻²¹ நியூட்டனாகிவிடும். கேவண்டிஷ் 1798-இல் 158 கிலோகிராம் ஈயக் கோளத்தையும் 0.73 கிலோகிராம் கோளத்தையும் வைத்து அளந்த விசை 10⁻⁷ நியூட்டன் அளவிலானது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தட்டையான தகடுகளின் நிலை இதை விட நன்று, ஏனெனில் நெருக்கமாக இருக்கும் நிறையின் அளவைப் பரப்பின் மூலம் கூட்டிக்கொள்ளலாம். நம் மாதிரியாக, 1 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 100 மைக்ரோமீட்டர் தடிமனும் உள்ள இரு தங்கத் தகடுகளை 100 மைக்ரோமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே வைப்போம். அவற்றுக்கிடையே நியூட்டனின் ஈர்ப்பு ஏறக்குறைய 1.6 × 10⁻⁹ பாஸ்கல் அழுத்தத்துக்குச் சமம்; மொத்த விசை 1.6 × 10⁻¹³ நியூட்டன். நாம் தேடும் புதிய விசை இருந்தால், அதில் 2.5 விழுக்காட்டைக் கூட்டும். இடைவெளியை 50 மைக்ரோமீட்டராகக் குறைத்தால் அந்தக் கூடுதல் 7 விழுக்காடாக உயரும். தகடுகளை இன்னும் தடிமனாக்கிப் பயனில்லை: மேற்பரப்பிலிருந்து ஓரிரு லாம்டா ஆழத்துக்குக் கீழே உள்ள பொருள் புதிய விசைக்குப் பங்களிப்பதில்லை; நியூட்டனின் பின்னணியை மட்டுமே பெருக்கும்.

இந்தக் கணக்கில் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2.5 விழுக்காட்டை நேரடியாக அளக்க முயன்றால், தகடுகளின் நிறை, தடிமன், பரப்பு, ஓர விளைவுகள், கருவியின் அளவுத்திருத்தம் ஆகிய எல்லாவற்றையும் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே அறிந்திருக்க வேண்டும். அதைத் தவிர்க்கும் வழிதான் அடுத்த படி.

படி 3: நியூட்டனின் ஈர்ப்பையே இல்லாமல் ஆக்கும் வடிவம்

நல்ல சோதனைகள் எல்லாவற்றிலும் பொதுவாக உள்ள உத்தி இது: விதி சரியாக இருந்தால் சைகை சுழியாக வேண்டும் என்று நிறைகளை அடுக்குவது. அப்போது எஞ்சி நிற்கும் எதுவும் ஒன்று குறைபாடு, அல்லது கண்டுபிடிப்பு.

இதன் எளிய எடுத்துக்காட்டு நீண்ட உள்ளீடற்ற உருளை. எதிர்த்தகவு இருமடி விதி சரியாக இருந்தால் அதன் உள்ளே ஈர்ப்புப் புலம் இல்லை. உள்ளே தொங்கும் சிறு நிறை சுவருக்கு அருகே இருந்தாலும் நடுவே இருந்தாலும் இழுக்கப்படாது. 1976-இல் டேனியல் லாங் சென்டிமீட்டர் அளவிலான தொலைவுகளில் ஈர்ப்பு மாறிலியில் சிறு வேறுபாடு தெரிவதாக அறிவித்தபோது, கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகக் குழு இந்த உருளை முறையால்தான் அம்முடிவைச் சோதித்து, அது நிற்கவில்லை என்று 1980-களில் காட்டியது. தட்டையான வடிவத்தில் இதற்கு இணையானது பெரும் பரப்புள்ள சீரான தகடு: அதன் ஈர்ப்புப் புலம் தொலைவைப் பொறுத்து மாறாது, ஆகவே இடைவெளியை மாற்றும்போது மாறுகிற எதுவும் நியூட்டனின் ஈர்ப்பு அல்ல.

நடைமுறையில் மிகவும் வெற்றி பெற்றது துளையிட்ட வட்டுகளின் முறை. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஏட்-வாஷ் குழு 2001-இல் வெளியிட்ட கருவியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மெல்லிய இழையில் கிடைமட்டமாகத் தொங்கும் வளையத்தில் பத்துத் துளைகள் சம இடைவெளியில் இருக்கின்றன. அதன் கீழே, பத்துத் துளைகளே உள்ள ஈர்ப்பு வட்டு ஒன்று மெதுவாகச் சுழல்கிறது. கீழ்வட்டின் துளை மேல்வளையத்தின் துளைக்கு நேரே வரும்போது ஒரு சமநிலை. அதைக் கடக்கும்போது ஊசல் ஒரு பக்கம் திருகப்படும், பிறகு மறுபக்கம். ஆக, வட்டு ஒருமுறை சுழன்று வருவதற்குள் திருகுவிசை பத்து முறை ஏறி இறங்குகிறது. துளைகளில் இல்லாத நிறைதான் இங்கே சைகையை உண்டாக்குகிறது என்பது இந்த அமைப்பின் அழகு.

இரண்டாவது உத்தி இதனினும் நுட்பமானது. அந்த ஈர்ப்பு வட்டின் அடியில், அதை விடத் தடிமனான இன்னொரு வட்டை, பெரிய துளைகளோடு, மேல்வட்டின் துளைகளிலிருந்து 18 பாகை விலக்கிப் பொருத்தியிருந்தார்கள். பத்துத் துளைகளின் கோண இடைவெளி 36 பாகை என்பதால், அதில் சரிபாதி விலக்கம் எதிர்த் திசையில் திருகும். அடிவட்டின் தடிமனையும் துளைகளின் அளவையும் சரியாகத் தேர்ந்தால், அது மேல்வட்டின் நியூட்டன் திருகுவிசையைப் பெரும்பாலும் அழித்துவிடும். ஆனால் குறுகிய வீச்சுடைய புதிய விசைக்கு அடிவட்டு எட்டாத தொலைவில் இருக்கிறது. ஆகவே மேல்வட்டின் புதிய விசை மட்டும் அழியாமல் நிற்கும். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கும் வேலையைக் கணினிக்கு விடாமல் உலோகத்திடமே ஒப்படைத்துவிட்டார்கள் என்பதுதான் இதிலுள்ள சிறப்பு. அந்தக் கருவி 218 மைக்ரோமீட்டர் வரை இறங்கியது.

துளைகளின் எண்ணிக்கையைத் தேர்வதற்கு ஒரு விதி உண்டு. வட்டின் ஆரத்தைத் துளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் நீளத்துக்குள்தான் அவற்றின் நியூட்டன் சைகை தேய்ந்து மறையும். 25 மில்லிமீட்டர் ஆரத்தில் 10 துளைகள் என்றால் அந்த நீளம் 2.5 மில்லிமீட்டர், 120 வெட்டுகள் என்றால் 0.2 மில்லிமீட்டர். அதே குழு 2007-இல் வரிசைக்கு 21 ஆக 42 துளைகளைக் கொண்ட மாலிப்டினம் வட்டுக்கு மாறியது. 2020-இல் வெளியான கருவியில் மெல்லிய பிளாட்டினத் தகட்டில் 120 மடங்குச் சமச்சீரும் (ஒரு சுற்றில் 120 முறை திரும்ப வரும் அமைப்பு) 18 மடங்குச் சமச்சீரும் ஒருங்கே இருந்தன. நெருக்கமான அமைப்பு குறுகிய வீச்சுக்கு உணர்வுள்ளது. அகலமான அமைப்பு, விதி ஐயமின்றிப் பொருந்தும் தொலைவில் அதே கருவி சரியாக அளக்கிறதா என்பதைக் காட்டுகிறது. புதிதாகத் தொடங்குபவர் இந்த இரட்டை அமைப்பைத்தான் பின்பற்ற வேண்டும் என்பது என் கருத்து. அகத்தே சாட்சி இல்லாத கருவியின் சுழி முடிவை நம்பவைப்பது மிகக் கடினம்.

படி 4: இழையையும் ஊசலையும் தேர்ந்தெடுங்கள்

இழையின் திருகு விறைப்பு அதன் ஆரத்தின் நான்மடிக்கு நேர்த்தகவிலும் நீளத்துக்கு எதிர்த்தகவிலும் உள்ளது. ஆகவே மெல்லிய இழையைத் தேர்வதால் கிடைக்கும் நன்மை நீளத்தைக் கூட்டுவதால் கிடைப்பதை விடப் பன்மடங்கு பெரிது. 20 மைக்ரோமீட்டர் விட்டமும் 80 சென்டிமீட்டர் நீளமும் உள்ள டங்ஸ்டன் இழையின் விறைப்பு ரேடியனுக்கு ஏறக்குறைய 3 × 10⁻⁹ நியூட்டன்-மீட்டர். அது சுமார் 60 கிராம் வரை தாங்கும். பாதிக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. 30 கிராம் நிறை சுழல் அச்சிலிருந்து சராசரியாக 2 சென்டிமீட்டரில் அமைந்தால் அலைவுக்காலம் ஆறு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக இருக்கும்.

இப்போது வெப்ப இரைச்சலைக் கணக்கிடலாம். அறை வெப்பநிலையில், இழையின் தரக்காரணி (அலைவு எவ்வளவு மெதுவாகத் தணிகிறது என்பதன் அளவு) 3000 என்றும் சைகையின் அதிர்வெண் 0.002 ஹெர்ட்ஸ் என்றும் கொண்டால், ஒரு நாள் முழுவதும் சேகரித்த தரவில் எஞ்சும் திருகுவிசை இரைச்சல் 4 × 10⁻¹⁸ நியூட்டன்-மீட்டர் அளவில் இருக்கும். நம் மாதிரித் தகடு அச்சிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், அந்த 2.5 விழுக்காட்டுக் கூடுதலின் திருகுவிசை 1.2 × 10⁻¹⁶ நியூட்டன்-மீட்டர். அதாவது ஒரே நாளில் இரைச்சலை விட 30 மடங்கு பெரிய சைகை. உண்மையான கருவியில் நிறையின் ஒரு பகுதி மட்டுமே மாறி மாறி எதிரே வருவதால் இது பல மடங்கு குறையும். குறைந்தாலும் நாட்கணக்கில் காத்திருந்து ஈடுசெய்யக்கூடிய அளவுதான். முன்னுரையில் சொன்னதன் அடிப்படை இந்தக் கணக்கே.

ஊசலின் திருக்கத்தை ஒளிக்கற்றையைக் கொண்டு அளக்க வேண்டும். ஊசலில் ஒட்டிய ஆடியில் பட்டுத் திரும்பும் கற்றையின் கோணத்தைத் தானியங்கு இணையொளிமானி நானோரேடியன் அளவுக்குக் காணும். நம் இழையில் ஒரு நானோரேடியன் என்பது 3 × 10⁻¹⁸ நியூட்டன்-மீட்டர், ஆகவே அளவீட்டுக் கருவியும் வெப்ப இரைச்சலும் பொருத்தமான இணைதான். புதிதாகத் தொங்கவிட்ட இழை தானாகவே மெல்ல முறுக்கவிழ்ந்துகொண்டிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. பாரத்தோடு அதைச் சூடாக்கி ஆறவிட்டால் இந்த நகர்வு குறையும். அவசரப்பட்டுத் தரவு எடுக்கத் தொடங்குவது வீண்.

படி 5: மின்னிலையியலை அடக்குங்கள்

சோதனையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இந்தப் படியில்தான் தீர்மானமாகின்றன. நம் மாதிரித் தகடுகளுக்கு இடையே 100 மைக்ரோமீட்டர் இடைவெளியில் 0.1 வோல்ட் வேறுபாடு இருந்தால், மின்னிலை அழுத்தம் 4.4 × 10⁻⁶ பாஸ்கல். இது ஈர்ப்பை விட ஏறக்குறைய 2800 மடங்கு. 10 மில்லிவோல்ட் என்றாலும் 28 மடங்கு. ஒரு மில்லிவோல்ட் வரை இறக்கினால்தான் ஈர்ப்பின் கால் பங்குக்கு வருகிறது. அப்போதும் அது நாம் தேடும் கூடுதலை விடப் பத்து மடங்கு பெரியது.

இரு பரப்புகளையும் ஒரே உலோகத்தால் பூசி, தரையோடு இணைத்துவிட்டால் போதும் என்று தோன்றலாம். போதாது. ஒரே தங்கப் பூச்சிலும் படிகங்களின் திசை, படிந்திருக்கும் மாசு ஆகியவற்றால் இடத்துக்கு இடம் மின்னழுத்தம் மாறுபடும். இந்தத் திட்டு அழுத்தங்களை வெளியிலிருந்து ஒரு மின்னழுத்தம் கொடுத்துச் சராசரியாகச் சுழியாக்கலாமே தவிர, திட்டுதிட்டாக அழிக்க முடியாது.

ஆகவே விசையைக் குறைப்பதை விட அதை மாறாததாக ஆக்குவதே தீர்வு. ஊசலுக்கும் ஈர்ப்பு வட்டுக்கும் நடுவே, அசையாத மெல்லிய கடத்தித் தகடு ஒன்றை முரசுத்தோல் போல இழுத்துக் கட்டித் தரையோடு இணைப்பார்கள். அப்போது ஊசல் காண்பது அசையாத தகட்டை மட்டுமே. வட்டின் மின்திட்டுகள் தகட்டின் மறுபுறம் மறைந்துபோகும். ஊசலுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள மின்விசை இருக்கத்தான் செய்யும், ஆனால் வட்டு சுழலும்போது அது மாறாது. மாறாத விசை ஊசலின் ஓய்வு நிலையைச் சற்று நகர்த்துவதோடு நின்றுவிடும். ஈர்ப்பை மட்டும் எந்தத் தகடும் தடுப்பதில்லை என்பதால் சைகை ஊடுருவி வருகிறது. ஏட்-வாஷ் குழு 2001-இல் 20 மைக்ரோமீட்டர் தடிமனான பெரிலியம்-தாமிரத் தகட்டையும் 2007-இல் 10 மைக்ரோமீட்டர் தகட்டையும் பயன்படுத்தியது. தகட்டின் தடிமன் அப்படியே இடைவெளியில் சேர்வதால், ஒவ்வொரு மைக்ரோமீட்டருக்கும் விலை உண்டு. தளர்ந்த தகடு அதனினும் மோசம்: வட்டின் மின்விசையால் அது இழுபட்டு வளைந்தால், தடுப்பாக வைத்ததே சைகையைக் கடத்திவிடும்.

மின்னூட்டமே இல்லாத கடத்திப் பரப்புகளும் மிக நெருங்கும்போது குவாண்டம் விளைவால் ஒன்றையொன்று ஈர்க்கும் கேசிமிர் விசைக்கும் இதே தகடுதான் மருந்து. நல்ல கடத்திகளுக்கு இடையே 1 மைக்ரோமீட்டரில் 1.3 × 10⁻³ பாஸ்கல் அழுத்தம் தரும் அந்த விசை, இடைவெளியின் நான்மடிக்கு எதிர்த்தகவில் குறைகிறது. 10 மைக்ரோமீட்டரில் அது நம் தகடுகளின் ஈர்ப்பை விட ஏறக்குறைய 80 மடங்கு. அறை வெப்பநிலையில் அந்தத் தொலைவில் வெப்பக் கதிர்வீச்சின் பங்கும் சேர்ந்துகொள்வதால் உண்மை நிலை இதை விடக் கடுமை.

படி 6: மீதமுள்ள தொல்லைகள்

காந்தம், வெப்பம், சாய்வு, அதிர்வு ஆகிய நான்கையும் ஒரே முறையால் கையாளலாம்: ஒவ்வொரு தொல்லையையும் வேண்டுமென்றே நூறு மடங்கு பெரிதாக்கி, ஊசல் எவ்வளவு திருகுகிறது என்று அளந்து, இயல்பான அளவுக்கு அதை நூறால் வகுத்துக்கொள்வது. சுருளால் காந்தப்புலம் கொடுங்கள். ஈர்ப்பு வட்டின் அருகே ஒரு சிறு சூடேற்றியை அதன் சுழற்சிக்கு ஒத்திசைவாக இயக்குங்கள். கருவியின் ஒரு காலை உயர்த்திச் சாயுங்கள். இப்படி அளந்த எண் இல்லாமல் "இந்த விளைவு புறக்கணிக்கத்தக்கது" என்று எழுதுவதை எந்த மதிப்பீட்டாளரும் ஏற்கக் கூடாது.

காந்தத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் துளையிடும்போது கருவிமுனையிலிருந்து ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள்கள் துளைகளின் ஒழுங்கிலேயே அமர்ந்து, சைகையின் அதிர்வெண்ணிலேயே பேசக்கூடும். வட்டுகளை அமிலத்தால் கழுவி, உயர் காந்த உட்புகுதிறன் கொண்ட உலோக உறைக்குள் வைக்க வேண்டும். வெற்றிடம் 10⁻⁴ பாஸ்கல் அளவில் இருந்தால், வாயுவின் தணிப்பு இழையின் உட்தணிப்பை மிஞ்சாது.

படி 7: இடைவெளியை அளந்து, இணையாக்குங்கள்

லாம்டா 50 மைக்ரோமீட்டர் என்று தேடும்போது இடைவெளியில் 5 மைக்ரோமீட்டர் பிழை இருந்தால், எதிர்பார்க்கும் சைகையில் 10 விழுக்காடு பிழை. 3 சென்டிமீட்டர் அகலமுள்ள தகட்டில் ஒரு மில்லிரேடியன் சாய்வு இருந்தால் ஒரு முனை மறுமுனையை விட 30 மைக்ரோமீட்டர் இறங்கியிருக்கும். ஆகவே இணைமையை முதலில் சரிசெய்து, அதன் பிறகுதான் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

இரண்டுக்கும் மின்தேக்குத்திறனே சிறந்த அளவுகோல். 1 சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 100 மைக்ரோமீட்டரில் 8.9 பிக்கோஃபாரட் வரும். ஒரு மைக்ரோமீட்டர் நகர்ந்தால் 0.09 பிக்கோஃபாரட் மாறும், அதை எளிதில் அளக்கலாம். ஊசலுக்கும் கடத்தித் தகட்டுக்கும் இடையே உள்ள மின்தேக்குத்திறனைப் பல உயரங்களில் குறித்து, அதன் வளைவிலிருந்து உண்மையான சுழி இடைவெளியைக் கணிக்க வேண்டும். இடைவெளி குறையக் குறைய வளைவு எதிர்பார்த்த வழியிலிருந்து விலகத் தொடங்கினால், ஒன்று சாய்வு மிச்சம் இருக்கிறது, அல்லது நடுவே தூசி இருக்கிறது.

தூசியை யாரும் அதற்குரிய மரியாதையோடு நடத்துவதில்லை. 30 மைக்ரோமீட்டர் துகள் ஒன்று உள்ளே நுழைந்தால், அதற்கும் கீழே இறங்கும் வழி அடைபட்டுவிடும். ஊசலின் தரக்காரணி திடீரெனச் சரிவதும், இயல்பான அலைவுக்காலம் குறைவதும் தொடுதலின் அறிகுறிகள். அவற்றைக் கண்டதும் கருவியைத் திறந்து, தூசியற்ற அறையில் மீண்டும் கழுவிப் பொருத்துவதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது.

படி 8: அளவுத்திருத்தமும் தரவும்

கோணத்தைத் திருகுவிசையாக மாற்ற, கருவிக்கு வெளியே, சென்டிமீட்டர்க் கணக்கான தொலைவில், நிறையும் இடமும் துல்லியமாகத் தெரிந்த கோளங்களைச் சுழலவிடுங்கள். அந்தத் தொலைவில் நியூட்டன் விதி நன்கு உறுதியானது என்பதால், அதுவே அளவுகோல். கோளங்கள் தரும் அதிர்வெண் துளைகளின் அதிர்வெண்ணோடு மோதாதபடி அவற்றின் எண்ணிக்கையைத் தேர்ந்தால், தரவு எடுக்கும்போதே அளவுத்திருத்தமும் நடந்துகொண்டிருக்கும்.

தரவை ஈர்ப்பு வட்டின் முழுச் சுற்றுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் சைகை அதிர்வெண்ணையும் அதன் மடங்குகளையும் பொருத்திப் பாருங்கள். பத்துத் துளைக் கருவியில் சுழற்சியின் 10, 20, 30 மடங்குகளில் சைகை வரும். சுழற்சி அதிர்வெண்ணிலேயே வருவது மோட்டார், தாங்கி, வெப்பம் ஆகியவற்றின் தொல்லை. சைகையை அதிக மடங்கில் வைத்திருப்பதற்கான முதன்மைக் காரணம் இந்தப் பிரிவுதான். சைகை அதிர்வெண் ஊசலின் இயல்பு அதிர்வெண்ணுக்கு மிக மேலே போனால் திருக்கம் அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்பச் சுருங்கும், மிகக் கீழே போனால் இழையின் மெல்லிய நகர்வு குறுக்கிடும். ஆகவே இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகே, ஆனால் அதன் மேலேயே விழாமல் சுழற்சியை அமைக்க வேண்டும்.

பல இடைவெளிகளில் தரவு எடுங்கள்: மிகச் சிறிய இடைவெளியிலிருந்து சில மில்லிமீட்டர் வரை. 2007-இன் சோதனை 55 மைக்ரோமீட்டர் முதல் 9.53 மில்லிமீட்டர் வரை சென்றது. பெரிய இடைவெளித் தரவு பயனற்றதாகத் தோன்றலாம்; ஆனால் நியூட்டன் மாதிரியின் எல்லாத் தெரியாத அளவுகளையும் கட்டிப்போடுவது அதுதான். முடிவு எப்பக்கம் சாய வேண்டும் என்ற விருப்பம் வெட்டுகளைத் தேர்வதில் நுழைந்துவிடாமல் இருக்க, ஆய்வு முறை உறுதியாகும் வரை தரவை மறைவான ஓர் எண்ணால் பெருக்கி வைப்பது நல்ல பழக்கம்.

படி 9: விலக்கு வளைவை வரையுங்கள்

ஒவ்வொரு லாம்டாவுக்கும் தனித்தனியாக, நியூட்டன் மாதிரியோடு யுகாவா உறுப்பையும் சேர்த்து எல்லா இடைவெளிகளின் தரவையும் ஒருங்கே பொருத்த வேண்டும். இடைவெளியின் சுழிப்புள்ளி, தடிமன்கள், அடர்த்திகள் ஆகியவற்றை அவற்றின் அளவீட்டுப் பிழைக்குள் அசையவிட வேண்டும். நேர்மறை ஆல்ஃபாவுக்கும் எதிர்மறை ஆல்ஃபாவுக்கும் தனித்தனியே 95 விழுக்காடு நம்பகத்துடன் மேல்வரம்பைக் கண்டு, மடக்கை அளவிலான தளத்தில் வளைவாக வரையுங்கள். வளைவுக்கு மேலே உள்ள பகுதி விலக்கப்பட்டது.

ஒப்பிடுவதற்கு ஆல்ஃபா 1 என்ற கோட்டில் உள்ள வரம்புகளைப் பாருங்கள். 2007-இல் ஏட்-வாஷ் குழு லாம்டாவை 56 மைக்ரோமீட்டருக்குக் கீழே தள்ளியது. 2020-இல் சீனாவின் வூஹானில் லுவோ ஜுன் தலைமையில் உருவான குழு 48 மைக்ரோமீட்டரையும், அதே ஆண்டு ஏட்-வாஷ் குழு 38.6 மைக்ரோமீட்டரையும் எட்டின. பின்னதன்படி, மிகப் பெரிய கூடுதல் பரிமாணத்தின் ஆரம் 30 மைக்ரோமீட்டரைத் தாண்ட முடியாது. 13 ஆண்டு உழைப்புக்கு ஏறக்குறைய பதினேழே மைக்ரோமீட்டர்தான் கிடைத்தது என்பதிலிருந்து முன்னேற்றத்தின் வேகம் விளங்கும்.

பத்து மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் செல்ல விரும்புபவர் முறுக்கு ஊசலை விட்டுவிட வேண்டியிருக்கும். ஸ்டான்ஃபோர்டு குழு தாழ்வெப்பநிலையில் மைக்ரோகிராம் அளவிலான தங்க நிறையைச் சுமக்கும் நுண்நெம்புகோலைப் பயன்படுத்தி, 2008-இல் 10 மைக்ரோமீட்டரில் ஈர்ப்பை விட 14,000 மடங்கு வலிய விசையை விலக்கியது. இன்னும் கீழே, தங்கப் பூச்சின் அடியில் இருவேறு அடர்த்தியுள்ள பொருள்களைப் புதைத்துக் கேசிமிர் விசையை இருபுறமும் சமமாக்கும் முறையை ரிக்கார்டோ டெக்காவின் குழு கையாண்டது. அங்கே கிடைக்கும் வரம்புகள் ஈர்ப்பை விடப் பல இலட்சம் மடங்கு வலிமையில் நிற்கின்றன. அந்தப் பகுதியில் ஈர்ப்பையே அளந்துவிடலாம் என்று எதிர்பார்த்து இறங்கக் கூடாது.

ஒருவேளை சுழியல்லாத சைகை எழுந்தால், சோதனைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் கடத்தித் தகட்டுக்கு மின்னழுத்தம் கொடுத்துச் சைகை மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அது மின்னிலையியல். அடுத்து வட்டை எதிர்த் திசையில் சுழற்றுங்கள். உண்மையான விசையின் கட்டம் துளைகளோடு பொருந்தியே நிற்கும், வெப்பத்தால் பின்தங்கி வரும் போலிச் சைகையின் கட்டம் திசையோடு சேர்ந்து மாறும். பிறகு ஊசலை இழையில் ஒரு துளையிடைவெளி அளவுக்குத் திருப்பிப் பொருத்தி, குறிப்பிட்ட ஒரு துளையின் குறைபாடு சைகையைத் தருகிறதா என்று சோதியுங்கள். இவை எல்லாவற்றையும் தாண்டியும் சைகை நின்றால், வேறு உலோகத்தில், வேறு எண்ணிக்கையுள்ள துளைகளுடன் புதிய ஊசலும் வட்டும் செய்து, அதே லாம்டாவும் ஆல்ஃபாவும் கிடைக்கின்றனவா என்று பார்த்த பிறகே முடிவை வெளியிட வேண்டும்.